வெளிநடப்பு நாள்

சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த தமிழ்ச் சொல் 'வெளிநடப்பு'. டிவியில் அந்தச் சொல் வந்தால் அன்றைக்கு அப்பா சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அப்பா கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் வைத்தவர். ஏரிக்காக ஊரைத் திரட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவரைக் கட்சி கூப்பிட்டு சீட்டு கொடுத்தது. அப்பா ஜெயித்தார், கட்சி தோற்றது. அதுவரை சேறு காயாத காலோடு என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டவர் வெள்ளைச் சட்டைக்குள் போய்விட்டார். தொகுதியில் அவர் போகாத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. என் ஆண்டுவிழாவுக்கு மட்டும் வரவில்லை.

டிவியில் முதன்முதலாக "எதிர்க்கட்சியினர் வெளிநடப்பு" என்று ஓடியபோது, அப்படியென்றால் என்ன என்று அம்மாவைக் கேட்டேன்.

"உங்கப்பா கோச்சிக்கினு வெளிய வந்துட்டாரு. கொழம்புல உப்பு இல்லன்னா தட்ட வுட்டு எழுந்துப்பாரே, அத அங்கயும் பண்ணிகினு கீறாரு" என்றாள் அம்மா.

அன்று தாம்பரத்தில் சாயங்கால நெரிசல் தொடங்கும் முன்பே அப்பா வந்து சேர்ந்தார். அந்நேரம் அவரை யாரும் எதிர்பார்க்காததால் வீட்டில் கட்சிக்காரர்கள் இல்லை. பழைய லுங்கிக்கு மாறி, என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வயலில் இருந்த மோட்டார் கொட்டகைக்குப் போனார். இருட்டும்வரை அவர் எனக்கு மட்டும்தான். மறுநாளே, வெளிநடப்பு அடிக்கடி நடக்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயில் யாரோ மண்ணைக் கொட்டி மூடி, மனை போட்டுவிட்டார்கள். அதைச் சட்டசபையில் பேசுவதாக அப்பா ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒத்திகை கொட்டகையில்தான் நடந்தது. என்னைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்காரவைத்து, நீதான் சபாநாயகர் என்பார். எதிரே நின்று, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று ஆரம்பிப்பார். தலைவருக்குத் தரையில் கால் எட்டாது, ஆட்டிக்கொண்டே கேட்பேன்.

அவர் பேச வேண்டிய நாளன்று டிவியில் மறுபடியும் அந்தச் சொல். பிள்ளையார் கேட்டுவிட்டார் என்று கூடத்தில் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று அப்பா லுங்கி மாற்றவில்லை. வெள்ளை வேட்டியோடே கொட்டகைக்குப் போனோம்.

"பேசினியாப்பா?"

"மைக்கே குடுக்கலம்மா. நீ ஏறி ஒக்காரு."

தொட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். அப்பா பேசினார். கால்வாய் எங்கே தொடங்குகிறது, யார் யார் நிலம் அதை நம்பிக் கிடக்கிறது, இனி அவர்கள் என்ன செய்வார்கள் என்றெல்லாம் பேசினார். ஒத்திகைகளைவிட நீளமாகப் போனது. எனக்கோ பசி. டிவியில் பார்த்தபடி கையை அசைத்து, "உறுப்பினர் உட்காருங்க" என்றேன்.

அப்பா பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். பிறகு ஈர வரப்பில், வெள்ளை வேட்டியோடு, அப்படியே உட்கார்ந்தார்.

"தலைவரே சொல்லிட்டாங்க. இன்னா பண்றது" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்த தேர்தலில் தோற்றபின் அப்பாவின் எல்லாச் சாயங்காலங்களும் எனக்கே கிடைத்தன. அந்தப் பேச்சை மட்டும் அவர் திரும்ப எடுக்கவில்லை. இப்போது வயலும் இல்லை, அப்பாவும் இல்லை. வேலை முடிந்து தாம்பரம் நெரிசலில் நிற்கும்போதெல்லாம், அந்தப் பாதி வாக்கியத்தின் மீதியைக் கேட்க மனம் கிடந்து ஏங்குகிறது. அன்றைக்கு அவருக்கு மிச்சமிருந்த ஒரே சபை நான்தான் என்பது, தொட்டிச் சுவரில் காலாட்டிக்கொண்டிருந்த அந்தத் தலைவருக்குத் தெரியவில்லை.