கோடை வயலில் ஒரு வலை வேலி

விதை போட்ட அன்று வயலில் அம்மா இருந்தாள், நான் இருந்தேன், பக்கத்து வயல் பெரியப்பா தன் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை. எங்கள் நெடுங்காட்டுப் பக்கம் அடுத்த வயல்காரர் எல்லாரும் ஏதாவது ஒரு முறைக்குள் வந்துவிடுவார்கள். அப்பா வரவில்லை. "கோடையில எவனாவது நடு வயல்ல பச்சைய வைப்பானா?" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். மக்காச்சோளத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் எங்கள் செவலைப் பசுவுக்காகத்தான். போன கோடையில் வைக்கோலும் மூட்டைத் தீவனமும் பால் பணத்தை அப்படியே தின்றுவிட்டன. இந்தக் கோடையும் அப்படிப் போனால் பசுவைக் கொடுத்துவிடலாம் என்று அப்பா தரகரிடம் சொல்லி வைத்திருந்தார்.  அன்றிலிருந்து அம்மா பால் கறக்கும்போது செவலையோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுவரை ஊர்க்கதை முழுக்க அதன் காதில்தான் போகும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான் ஒருவன்தான். படித்ததும் விவசாயம். வெறும் வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர மடியை நிரப்பாது என்று எனக்குத் தெரியும். பம்புசெட்டை ஒட்டிய அரை மா நிலத்தில் உளுந்தை ஊருக்கு முன்னாலேயே பிடுங்கியாகிவிட்டது. அங்கே மூன்று வரிசை மக்காச்சோளம், ஒரு வரிசை தட்டைப்பயறு என்று மாற்றி மாற்றிப் போட்டோம். சோளம் தீனிக்கு அளவைக் கொடுக்கும், பயறு சத்தைக் கொடுக்கும். போதாததற்கு, நெல்லுக்கு வேண்டிய தழைச்சத்தையும் பயறு மண்ணில் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகும்.

"என்ன தம்பி, சோளத்துக்குத் தொட்டுக்கப் பயறா?" என்றார் பெரியப்பா.

"செவலைக்கு விருந்துங்க பெரியப்பா. வெறும் சோறு போட்டா அது வாய வைக்காது."

"ஒங்க வீட்டு மாடும் படிச்சிருச்சா!"

அம்மா குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள்.

முளைப்பு நன்றாக வந்தது. தண்ணீர் பாய்ச்ச, களை எடுக்க, எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. சோளம் முழங்கால் உயரம் வந்தபோது ஊரில் கடைசி வயலிலும் உளுந்து பிடுங்கி முடித்தார்கள். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், பெரியப்பாவின் இரண்டு பசுக்களும் எங்கள் பயற்று வரிசைக்குள் நிற்கின்றன. ஓரத்து வரிசை முழுசாகப் போயிருந்தது. சோளத்தை மிதித்துத்தான் வைத்திருந்தன, பயற்றைத் தேடித் தேடித் தின்றிருந்தன.

கத்திக்கொண்டே ஓட்டினேன். பெரியப்பா அவசரமே இல்லாமல் வந்தார். "எதுக்குப்பா கத்துற? உளுந்து எடுத்தாச்சு, மாட்ட அவுத்தாச்சு. ஆத்துத் தண்ணி வர்ற வரைக்கும் வயலு ஊருதுதானே? போன வருஷம் ஒங்க செவல எங்க வயல்லதான் மேஞ்சுது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. உளுந்து எடுத்த பிறகு எந்த வயலும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை என்பது சின்ன வயதிலிருந்து நானும் மாட்டுக்குப் பின்னால் நடந்து அறிந்ததுதான். வரிசைக்கு வரிசை இடைவெளி பார்த்த எனக்கு அது மட்டும் ஞாபகத்தில் வரவில்லை. அப்பா கேட்டது சோளத்தைப் பற்றி இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

வேலி போட்டே ஆகவேண்டும். ஆனால் கோடையில் வேலி போடுவது ஊரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி. அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் இருக்கும்போதே போய்ச் சொன்னேன்: "கதிர்ல பால் புடிச்சு நான் அறுத்து முடிக்கிற வரைக்கும் வேலி இருக்கும்ங்க. கடைசிக் கட்டு அறுத்த அன்னைக்கே அவுத்துடுறேன். வாய்க்காலோரத்து நாலு வரிசையும் உங்க மாடுகளுக்கு. நானே அறுத்துக் கொண்டாந்து போடுறேன்."

 பெரியப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பயத்தையும் சேத்துத்தானே?" என்றார்.

"சேத்துத்தாங்க."

"அப்ப போட்டுக்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இருட்டுவதற்குள் கடலோரத்துப் பட்டினச்சேரியிலிருந்து ஒரு பொதி பழைய மீன்வலையோடு வந்து இறங்கினார். "கம்பி வேலிக்கு நாம எங்க போறது? இது போதும்" என்றார். காலையில் சவுக்குக் கம்பு நட்டு வலையைக் கட்டியதும் அவர்தான். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மீன் வாடைக்கு ஊர் நாய்கள் அத்தனையும் வந்து வலையோரத்தில் படுத்துக்கொண்டன. அதற்குப் பிறகு ஒரு மாடுகூட அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

பயற்றங்கொடி சோளத்தண்டைச் சுற்றிக்கொண்டு ஏறியது. இரண்டையும் ஒரே பிடியில் அறுக்கலாம். தினம் ஒரு பாத்தி அறுத்து, நறுக்கி, வைக்கோலோடு கலந்து வைத்தோம். செவலை முதலில் பயற்றுத் தழையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் மற்றதில் வாய் வைக்கும். சொசைட்டியில் எங்கள் பால் கேன் கனத்தது. ஒருநாள் விடிகாலையில் கொட்டகையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். அம்மா பசுவின் மடியில் கை வைத்தபடி, பெரியப்பா வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையைச் செவலைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி வாய்க்காலோரத்து நாலு வரிசையையும் அறுத்துக் கொண்டுபோய்ப் போட்டேன். கடைசிக் கட்டு அறுத்த அன்றே வலையையும் அவிழ்த்தோம். அதே வாரம் தரகர் வந்தார். அப்பா அவரை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "இந்த வருஷம் இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

போன கோடையில் பால் பணம் முழுக்கத் தீவனத்துக்கே போனது; இந்தக் கோடையில் விதை, வலை, சவுக்குக் கம்பு, அப்பாவின் வண்டிக்குப் பெட்ரோல், தரகருக்கு வாங்கிக் கொடுத்த டீ, வடை எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து ரூபாய்.