அத்தையின் வாய்க்குக் காவல்

என் அத்தைக்கு எந்தப் படமும் பிடித்ததில்லை. ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு மூன்று படமாவது பார்த்துவிடுவாள். மலாயாவுக்குப் பேசும் படங்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைப் பெண்கள் கூட்டமாகக் கிளம்பிப் போவார்கள். திரையில் சாமி வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கதாநாயகி அழுதால் தாங்களும் அழுது மூக்கு சிவந்து திரும்புவார்கள். அத்தை மட்டும் காய்ந்த கண்ணோடு வருவாள். மறுநாள் காலையில் குழாயடியில் குடத்தை வைத்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

"ராசாவுக்கு நெஞ்சுல அம்பு பாஞ்சிருச்சு. பாஞ்ச பிறகு உக்காந்து பாடுறான். நம்ம ஆளுங்களுக்குக் கால்ல முள்ளு குத்துனாலே பேச்சு வராது லா."

வானத்திலிருந்து இறங்கிய தேவருக்குப் பின்னால் கயிறு தெரிந்ததாம். அது நைந்த கயிறு என்பதால் அவர் எப்போது விழுவாரோ என்ற கவலையில் பாட்டே காதில் ஏறவில்லையாம். இளவரசிக்குப் பதினாறு வயது என்றார்கள், பார்த்தால் அண்ணிக்குப் பெரியக்கா மாதிரி இருந்தாள் என்பாள். அண்ணி என்றது என் அம்மாவை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அப்பா சிரிக்க மாட்டார். அத்தை அவருடைய ஒரே தங்கை. தாய் தகப்பன் போனபின் ஊரிலிருந்து அவளைக் கப்பலில் அழைத்து வந்தவர் அவர்தான். அவளைக் கரையேற்றும் பொறுப்பும் அவருடையது. முதலில் செந்தூலிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அக்கா, ஒரு பக்திப் படத்தைப் பார்த்து உருகிப்போய் இரண்டு நாள் விரதம் இருந்ததாகச் சொன்னாள். எனக்கும் அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றாள் அத்தை. அதோடு அந்த வரன் போயிற்று. இன்னொரு சம்பந்தம் இவள் வாயால் கெட்டால் நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி ஊரில் பெரியப்பாவிடம் அனுப்பிவிடுவேன் என்று அப்பா அன்றைக்குச் சத்தியம் செய்தார். அப்பா சத்தியம் செய்தால் செய்ததுதான்.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். கப்பல் என்ற பேச்சு வந்தாலே எனக்குக் குலை நடுங்கும். கப்பலில் செத்துப்போகிறவர்களைச் சாக்கில் சுற்றிக் கடலில் போட்டுவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள். கப்பல் ஏறுகிற எல்லாருக்கும் சாக்குதான் கதி என்று நான் எடுத்துக்கொண்டேன். அத்தைதான் எனக்குச் சோறு ஊட்டுவாள், தலை வாருவாள், அவள் பக்கத்தில்தான் படுப்பேன். வீட்டில் எங்காவது சாக்கைக் கண்டால்கூட அவளைப் போய்க் கட்டிக்கொள்வேன்.

அடுத்ததாக வந்தவர் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி. கணக்கெழுதும் உத்தியோகம், ஓடு போட்ட வீடு, இரண்டு பசு மாடு. மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கிடையாது. அத்தைக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லும் பாத்தியதை மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டுமே உண்டு. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் நாலு பேர் சேர்ந்து உட்கார இடமில்லை. அதனால் அவர்களே ஒரு யோசனை சொல்லி அனுப்பினார்கள். கிள்ளானில் புதுப்படம் வந்திருக்கிறது, மதிய ஆட்டத்துக்கு எல்லாரும் வாருங்கள், பெண்ணையும் பார்த்த மாதிரி இருக்கும், படத்தையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றார்கள்.

படம் என்றதும் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. புறப்படும் நாள் காலையில் என்னைச் சமையற்கட்டுக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அத்தை பக்கத்துல நீதான் உக்காரணும். அவ வாயத் தொறக்கப் போறான்னு தெரிஞ்சா உடனே கிள்ளிடு. தொறந்தா கப்பல்தான், தெரியுதா?"

என்னிடம் அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரயிலில் கிள்ளான் போய்ச் சேரும்வரை நான் அத்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டு போனேன். அவள் அன்று சமர்த்தாக, நீலப் பட்டுப் புடவையைக் கசங்காமல் மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொட்டகையில் பெண்களுக்குத் தனி வரிசை. ஒரு பக்கம் அம்மா, நடுவில் நானும் அத்தையும், அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் தாயார். அவர் நல்ல சதைப்பிடிப்பான அம்மாள், வாய் நிறைய வெற்றிலை. வந்ததும் அத்தையின் முழங்கையைப் பிடித்துப் பார்த்து, வேலை செய்கிற கைதான் என்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை எங்களுக்குக் கச்சாங் பூத்தே வாங்கி அனுப்பினார். காகிதக் கூம்பில் வறுத்த கடலை சூடாக இருந்தது. எனக்கு மாப்பிள்ளையை அப்போதே பிடித்துவிட்டது.

படத்தில் நான் பார்த்தது மிகக் கொஞ்சம். பணக்காரப் புருஷன் ஒருவன் இளையவள் பேச்சைக் கேட்டு மூத்தவளைப் போட்டு அடிக்கிறான். அவளை வேலைக்காரியாக்கி நெல் குத்த விடுகிறான். அவள் உலக்கையைப் பிடித்துக்கொண்டு பாடுகிறாள். இதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. நான் பார்த்ததெல்லாம் திரை வெளிச்சத்தில் மினுங்கிய அத்தையின் உதடுகள்தான். பாட்டு நீள நீள நான் அவள் கைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். நீளமான பாட்டென்றால் அத்தைக்கு ஆகாது. ஒரு கட்டத்தில் அவள் வாய் திறந்தது. பாய்ந்து கிள்ளிவிட்டேன். பாவம், அவள் கொட்டாவிதான் விட்டிருந்தாள்.

சுருள் மாற்றுவதற்காகப் பாதியில் விளக்குகளைப் போட்டார்கள். கொட்டகை முழுக்கப் பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயாருக்கு அழுகை அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே அத்தையின் தொடையில் கையை வைத்து ஆதரவாகச் சொன்னார்.

"போய்ச் சேந்த எம் மருமகளும் இந்தப் படத்துல வர்றவளப் போலதான்மா. எம் மகன் எவ்வளவு அடிச்சாலும் வாயே தொறக்க மாட்டா. தங்கம்."

அம்மா உச்சுக்கொட்டி, புண்ணியவதி என்றாள். நானும் அத்தையை ஓரக்கண்ணால் பார்த்தேன். இப்படியும் ஒரு பெண் இருந்திருக்கிறாள், கேட்டுக்கொள் என்பதுதான் என் பார்வைக்கு அர்த்தம். கடலையை எடுக்கப் போன அத்தையின் விரல்கள் காகிதக் கூம்புக்குள்ளேயே நின்றுவிட்டன.

"அவங்களுக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள்.

நான் கிள்ளினேன். அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"காச்சல்தான். வேற என்ன" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வெற்றிலையைக் குதப்பினார். விளக்குகள் அணைந்தன.

அதன்பிறகு அத்தை அசையவே இல்லை. உதடுகள் ஒட்டவைத்தது போல மூடியிருந்தன. அவள் அடங்கிவிட்டாள், சாக்கு இல்லை, கப்பல் இல்லை என்று என் பயம் மெல்ல மெல்ல இறங்கியது. படம் முடியும்போது புருஷன் திரும்பி வந்தான், மூத்தவள் அவன் காலில் விழுந்தாள், கொட்டகையே விம்மியது. எனக்கும் அழுகை வந்தது. நான் அழுதது நிம்மதியில்.

வாசலில் எல்லாரும் கூடி நின்றார்கள். மாப்பிள்ளை சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு, சந்தனப் பொட்டோடு, பார்க்க லட்சணமாக இருந்தார். என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். எல்லாம் முடிந்துபோகிற நேரம். அப்போதுதான் அவருடைய தாயார், ஒன்றும் பேசாமல் நிற்கிறாளே என்ற பிரியத்தில், படம் எப்படியம்மா இருந்தது என்று அத்தையைக் கேட்டார்.

அப்பாவின் முகம் இறுகியது. அம்மா என் முதுகில் இடித்தாள். அத்தையின் வாய் திறக்கும் முன்பே நான் நகம் பதியக் கிள்ளினேன். அவள் கையை உதறவில்லை. இன்னொரு கையால் என் விரல்களைப் பிரித்தெடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று வியர்த்திருந்தது. அதுவரை அத்தை பயந்து நான் பார்த்ததில்லை. எதற்குப் பயப்படுகிறாள் என்றும் எனக்குத் தெரியவில்லை.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா. அந்தப் பொம்பளதான் சரியில்ல. மொத அடி விழுந்தப்பவே உலக்கையத் தூக்கிப் புருசன ஒரு போடு போட்டிருந்தா, படமும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும், நாமளும் வெளிச்சத்தோட வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம்."

இதை அவள் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள். கடலை விற்றவன் சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை தன் தாயாரைப் பார்த்தார். தாயார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறதல்லவா என்று அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார்.

திரும்பும் வழியில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குப் பாதிப் பயம் போயிருக்கும். வீட்டுப் படியேறிய பிறகுதான், கப்பல் எப்போது என்று நாளைக்கு விசாரிக்கிறேன் என்றார். அத்தை சரி அண்ணே என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நான் அவள் புடவையை விடவில்லை. அம்மா என்னைப் பிய்த்து எடுக்கப் பார்த்தாள். நான் இன்னும் பலமாகக் கிள்ளியிருக்க வேண்டும் அத்தை என்று தேம்பினேன். அவள் குனிந்து, பச்சையாகக் கன்றிப்போயிருந்த தன் கையைக் காட்டினாள்.

"இதுக்கு மேலயா? நீ நல்லாத்தான் கிள்ளுன. போய் நல்ல பொண்ணா இரு" என்றாள். கப்பல் நகரும்போதுகூட அவள் அழவில்லை. அது கண்ணைவிட்டு மறையும்வரை நான் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது எதையாவது தூக்கிப் போடுகிறார்களா என்று.

அத்தை நல்லபடியாகக் கரை சேர்ந்தாள். ஊரில் எந்தக் கொட்டகையில் படம் வந்தாலும் போய்ப் பார்த்துவிட்டுக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அப்பா அதைக் கேட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த தையில் கிராணிக்குக் கல்யாணம் நடந்தது. பெண் எங்கள் பின்வரிசைதான். அத்தை போனபின் எனக்குத் தலை பின்னிவிட்ட அக்கா, சதா சளசளவென்று பேசிக்கொண்டிருப்பவள். தீபாவளிக்கு அவள் தாய்வீடு வந்தபோது குழாயடியில் எல்லாரும் சூழ்ந்துகொண்டு, கிள்ளானில் என்ன படம் பார்த்தாய், எப்படி இருந்தது என்று கேட்டார்கள். முழங்கை வரை மூடிய ரவிக்கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, நல்லாயிருந்துச்சு என்று மட்டும் சொன்னாள். குடம் நிறையும்வரை வேறு பேச்சே இல்லை. எவ்வளவு அடக்கமாகிவிட்டாள் பார், வாயே திறப்பதில்லை என்று அம்மா எல்லாரிடமும் பாராட்டினாள். எனக்குத் துக்கம் தாங்கவில்லை. இந்த அடக்கம் அத்தைக்கும் இருந்திருந்தால் அவளும் கிள்ளானில் இதே போலச் சுகமாக இருந்திருப்பாளே என்று நினைத்து, அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.