கீரிமலைக்கு இரண்டு தரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கொழும்பில் கிளாக்கராக இருந்தேன். ஒரு சித்திரை லீவுக்கு எங்கள் ஊரான இணுவிலுக்கு வந்தபோது அக்காவும் அத்தானும் வாடகைக் கார் ஒன்று பேசி வைத்திருந்தார்கள். கடலோரத்துக் கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டுக் கரையோரமாகவே பருத்தித்துறை வரை போய்வருவதாக ஏற்பாடு.

உண்மைக் காரணம் வேறு. எனக்குப் பேசியிருந்த பெண் வட்டுக்கோட்டையிலிருந்து தாயோடு அன்று கீரிமலைக்கு வருவாள். தற்செயலாகக் கண்டதுபோல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். சரிவராவிட்டால் இரண்டு வீட்டுக்கும் கதை வராது என்பதால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். பொழுதுபடத் தரகர் வருவார். அவருக்கு முடிவு சொல்லியாக வேண்டும்.

நாங்கள் கீரிமலையில் நிற்க, கோயில் பக்கமிருந்து தாயும் மகளும் வந்தார்கள். அக்கா முழங்கையால் இடித்தார். எனக்குக் காது சுட்டது. சட்டென்று கடல் பக்கம் திரும்பிவிட்டேன். மறுபடி பார்ப்பதற்குள் அவர்கள் பெண்களுக்கான கேணிக்குள் போய்விட்டார்கள்.

"பாத்தனியோ?" என்றார் அக்கா.

"ஓம்."

கார் கிழக்கே ஓடியது. மயிலிட்டியில் வலைகள் காய்ந்தன. கடல் கரையருகே வெளிர்பச்சையாகவும் அப்பால் கருநீலமாகவும் கிடந்தது. அத்தான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். காணாத ஒருத்திக்கு எப்படி ஓம் சொல்வது? வேண்டாமென்றால் அவளுக்கல்லவா குறை?

வல்வெட்டித்துறையில் இளநீர் குடிக்க இறங்கினோம்.

"பெட்டை என்ன நிறம், சொல்லு பாப்பம்?" என்று அக்கா கேட்டார்.

"நான் பாக்கேல்லை, அக்கா."

"அப்ப என்னத்தைப் பாத்தனி?"

"கடலை."

அத்தானுக்குச் சிரிப்பில் இளநீர் புரைக்கேறியது. "கடலுக்கோ மச்சான் தாலி கட்டப்போறாய்?" என்றவர் சாரதியிடம், "அண்ணை, காரைத் திருப்புங்கோ" என்றார்.

நாங்கள் திரும்பிச் சேர்ந்தபோது தாயும் மகளும் மடத்து நிழலில் வாழையிலை விரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் தாய் எழுந்து மகளை மறைத்து நின்றார்.

"உவை பாத்திட்டுப் போனவை எல்லோ? பிறகும் ஏன் வருகினம்?"

"தள்ளி நில்லணை, அம்மா" என்றது அவள் குரல். "அந்தாள் காலமை கடலைத்தான் பாத்தவர். இப்ப எண்டாலும் பாக்கட்டும்."

இம்முறை நான் திரும்பவில்லை. ஈரத் தலைமயிரை முடிந்தபடி அவளும் என்னை நேரே பார்த்தாள். முதலில் கண்ணை எடுத்தது நான்தான்.

காரில் ஏறியதும், அக்கா வாய் திறக்குமுன்னமே ஓம் என்றேன்.

"நீ சொன்னால் போதுமோ? அவள் என்ன சொல்லுறாளோ!" என்றார் அத்தான்.

அவர்கள் பக்கத்து ஓம் வர மூன்று நாள் பிடித்தது. கொழும்பில் வேலை பார்த்த கந்தோருக்குத் தந்தி அடித்து லீவை நீட்டிக்கொண்டு, அதுவரை வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.