இருபத்தேழாம் பக்கம்

எங்கள் அறைக் கரும்பலகையின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு வெண்கட்டிக் கோடு இருந்தது. இடது பாதி ஜெர்மன்காரப் பேராசிரியருடையது. வலது பாதி என்னுடையது. ஒரு வாரம் முழுக்க எழுதி நிரப்பியதை அவர் வெள்ளிக்கிழமை மதியம் ஒரே துடைப்பில் அழித்துவிட்டு, சீட்டியடித்தபடி சைக்கிளை எடுக்கப் போவார். என் பாதியிலோ அதே சமன்பாடுகள் மாதக்கணக்கில் கிடக்கும். அழிக்க மனம் வராது. லண்டன் கல்லூரி ஒன்றில் பதினொரு ஆண்டுகள் அந்த அறையைப் பகிர்ந்துகொண்டோம். அவருக்கும் என் வயதுதான். முதல் ஆண்டிலேயே அவர்மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

அவர் கூரை வேய்கிறவரின் மகன். தகப்பனின் தொழிலை ஏற்க மறுத்துவிட்டுக் கணிதத்துக்கு வந்தவர். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் தபால் வான் ஓட்டியிருக்கிறார். முதல் பெரிய தேற்றத்தை அந்த வானுக்குள் இருந்துதான் நிறுவினாராம். நான் அகதியாக வந்து, பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு படித்தவன். பட்ட கஷ்டத்திலாவது அவரை முந்துவேன் என்று நினைத்திருந்தேன். அதிலும் அவர் எனக்குச் சளைத்தவர் இல்லை.

எங்கள் துறை குலக் கோட்பாடு. ஒரு சதுரத்தைக் கால் சுற்றுத் திருப்பினாலும், புரட்டிப் போட்டாலும் அது பழையபடியே தெரியும். அப்படி உருவத்தை மாற்றாத அசைவுகள் எல்லாம் சேர்ந்தது ஒரு குலம். எந்தெந்தக் குலங்கள் இருக்க முடியும், எவை இருக்கவே முடியாது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி. அதில் ஒரு சிறு மூலையை நான் ஆறு வருடமாகக் குடைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது அதை அவரிடம் சொன்னேன். மூன்றாவது வாரம் அவர் கோட்டைத் தாண்டி என் பாதிக்கு வந்து, அனுமதி கேட்டு, ஐந்து வரி எழுதினார். நான் போகவே நினைக்காத வழி அது. பாராட்டினேன்.

அந்த மாதம் அவரை வெஸ்ட் ஈலிங்கில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். என் மனைவி பத்து வயதிலிருந்து ஜெர்மனியில் வளர்ந்தவள். கல்யாணம் முடித்துத்தான் லண்டனுக்கு வந்தாள். இடியப்பத்தையும் சொதியையும் வைத்துக்கொண்டு அவர்கள் இருவரும் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கதைத்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டு வருட வாழ்க்கையில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். தமிழில் சொன்னால் சிரிப்பு வராது என்றாள்.

எட்டு மாதம் கழித்து, அந்த ஐந்து வரி நாற்பது பக்கக் கட்டுரையாக என் மேசைக்கு வந்தது. வெளியே அனுப்புமுன் நான் வாசித்துச் சொல்ல வேண்டும் என்றார். இருபத்தேழாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். எல்லா ஒற்றைப்படைப் பகா எண்களுக்கும் பொருந்தும் என்று அவர் எடுத்துக்கொண்ட ஒரு படி, மூன்று என்ற எண்ணுக்குப் பொருந்தவில்லை. ஓரத்தில் பென்சிலால் மூன்று என்று எழுதினேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். எல்லாம் சரி என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவர் தன் நாட்டில் நடந்த மாநாட்டில் அதை வாசித்தார். கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, மூன்றுக்கு என்ன ஆகும் என்று கேட்டாளாம். திரும்பி வந்தவர் என்னைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் பார்த்தும் தெரியவில்லை என்றால் அது நல்ல பிழைதான் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நான் டொச்சில சொன்னா அவருக்கு வடிவா விளங்கும். ஆனா நான் சொல்லமாட்டன். நீங்களே போய்ச் சொல்லுங்கோ," என்றாள் அவள்.

சொன்னேன். பொறாமை என்ற வார்த்தையையும் விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

"எத்தனையாவது வாசிப்பில் கண்டுபிடித்தீர்கள்?"

"முதல் வாசிப்பில்."

அவர் முகம் மாறியது. எட்டு மாதம் தன் கண்ணில் படாதது என் கண்ணில் ஒரே தடவையில் பட்டுவிட்டதே என்ற எரிச்சல் அது. கண்ணாடியில் நான் தினமும் பார்த்த முகம். அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நினைத்து இன்றும் கூசுகிறேன்.

அடுத்த கல்லூரித் தவணையில் அவர் வேறு மாடிக்கு மாறிக்கொண்டார். இரண்டு வருடம் உழைத்து அந்த ஓட்டையை அடைத்தார். முந்தைய கட்டுரைகளில் எல்லாம் எனக்கு நன்றி சொன்னவர், அதில் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு ஊருக்கே திரும்பிவிட்டார். அந்தத் தேற்றத்தை ஒவ்வொரு ஆண்டும் நான்தான் வகுப்பில் நடத்துகிறேன். மூன்றுக்கான பகுதி வரும்போது மாணவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அவ்வளவு அழகு. அதை நான் அடைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அடைத்திருக்க முடியாது என்பதும் தெரியும்.

இந்த வசந்தத்தில் அவர் இறந்துபோனார். அவருடைய ஊர்ப் பத்திரிகை வெளியிட்ட அஞ்சலிக் குறிப்பை மனைவி போனில் எடுத்து, எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் அவள் குரல் தயங்கியது. தன் வாழ்நாளில் கிடைத்த மிகக் கூர்மையான வாசகர் லண்டனில் இருக்கும் ஒரு தமிழர், எட்டு மாதம் தனக்குத் தெரியாத பிழையை அவர் முதல் வாசிப்பிலேயே கண்டார் என்று பேராசிரியர் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வாராம். நான் மறைத்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மனைவி போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதிலயும் அவர்தான் உங்களை வெண்டிட்டார் எண்டு நினைக்கிறியளோ?"

"ஓம்," என்றேன்.