என் கனவுக்கு ஒரு சொற்பொழிவு

யுத்தம் முடிந்த சமயம். என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் நெசவாளர் தெருவில் மதுரைக்குப் போய் பி.ஏ. படித்தவர் அவர் ஒருவர்தான். பேசாமல் இருக்க அவரால் முடியாது. யோக சாஸ்திரம் சொல்லும் சம்ஸ்காரம் என்கிற மனப்பதிவும் வெள்ளைக்கார மனவைத்தியர்கள் சொல்லும் அடிமனமும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்திருந்தார். புதைந்து கிடக்கிற ஆசைதான் கனவாக மேலே வருமாம். காலையில் காப்பியை வாங்கும் முன்பே என் கனவைக் கேட்பார். நானும் அசடு மாதிரி வீட்டுப் பாஷையான தெலுங்கில் சொல்லித் தொலைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் அவருடைய சொற்பொழிவு. வாத்தியார் பெண்டாட்டி என்று என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் கண்ட கனவு என்று தமிழில் ஆரம்பித்தார். தெருவில் தறிக்கான பாவு நூல் நீட்டியிருக்கிறது. அவள் சேலை நூல் நூலாகப் பிரிந்து அந்தப் பாவோடு போய்ச் சேருகிறது. அவள் மாமனார் அதற்குக் கஞ்சி தடவிக்கொண்டே வருகிறார். பெயர் சொல்லவில்லை, பெரிய மனசு. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமே, மாமனார் இடது கையால் தடவினார் என்பதையும் சேர்த்துக்கொண்டார். எங்கள் தெருவில் இடது கையால் கஞ்சி தடவுகிறவர் ஒருவர்தான். மனைவியை இழந்து, என் கைச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, என்னை மகளே என்று கூப்பிடுகிற மாமா, இவரைப் பெற்றவர். ஆண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்ணின் ஆசை யார்மீது என்று இவர் விளக்கியபோது, பக்கத்தில் இருந்தவள் தன் முந்தானையை என்மேல் படாமல் இழுத்துக்கொண்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. எழுந்து போனால் கனவு கண்டவள் நான்தான் என்று ஆகிவிடும். முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கனவில் எனக்கு இருந்தது வெறும் பயம். அப்படியும், அவர் சொல்வது நிஜமாக இருக்குமோ என்று என்னையே சந்தேகப்பட்டேன் பாருங்கள், அந்த வெட்கம் ஊர் முன்னால் பட்டதைவிடப் பெரிது.

திரும்பும் வழியில் அடுத்த தெருத் தமிழ்க்காரி ஒருத்தி என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டாள். "இனிமே ஒன் மாமனாருக்கு நீ சோறு போடாதத்தா. ஊரு ஒரு மாதிரி பேசும்" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள்.

அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. மறுநாள் பாலவனத்தத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் மாமா பஸ்ஸுக்குக் கிளம்பினார். பிறகு எங்கள் வாசற்படி மிதிக்கவே இல்லை.

சாயங்காலம் இவர் வந்ததும், உங்கள் பேச்சால்தான் அவர் போய்விட்டார் என்று அழுதேன். மாமா உட்காரும் திண்ணையைத் திரும்பிப் பார்த்தார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். பிறகு, கூட்டத்தில் பேசிய அதே தமிழில் சொன்னார்:

"பார்த்தாயா, அவர் அடிமனத்திலும் அது கிடந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் போக வேண்டும்?"