நாலாவது ராஜா

பசையே படாத ஒரு போஸ்டர் எங்கள் மாமாவிடம் இருந்தது. அதற்குப் பசை தடவியவன் நான்.

இதைச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் ஆசை. ஐம்பது தாண்டி முட்டி வலியும் வந்துவிட்டதால் ஓட முடியாது. உட்கார்ந்து முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்பத்தூரில் எங்கள் வீட்டிலேயே தங்கி தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆவடியோ பூந்தமல்லியோ, எந்தக் கொட்டகைக்குப் பழைய படம் திரும்ப வந்தாலும் வாசலில் அவருடைய சைக்கிள் நிற்கும். புதுப்படத்துக்குக் கூப்பிட்டால் துக்க வீட்டுக்குக் கூப்பிட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். அவருக்கு ஒரே ஒரு நடிகர்தான். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இன்னொரு நடிகரின் ரசிகர்கள் தடி ஊன்றிக்கொண்டாவது என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மாமாவும் பெயர் சொன்னதில்லை. “நம்மாளு” என்பார். ஏதோ நம்மாளு பக்கத்துத் தெருவில் குடியிருந்துகொண்டு, பால் வாங்கத்தான் வெளியே போயிருக்கிறார் என்பதுபோல.

“மத்தவன்லாம் படியில எறங்குவான்டா. நம்மாளு எறங்குனா, படி எழுந்து வந்து கால வாங்கிக்கும்,” என்பார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். பிறகு கொட்டகையில் அந்தக் காட்சி வரும்போது, சத்தியமாக, படி எழுந்து வருவது எனக்கும் தெரியும்.

அந்த மனிதர் கிரீடம் வைத்து ராஜாவாக நிற்கும் போஸ்டர்தான் மாமாவின் சொத்து. படம் முதன்முதலில் வெளியானபோது அச்சானது. அப்போது மாமாவுக்குப் பத்து வயது. ஆவடியில் போஸ்டர் ஒட்டுகிறவரின் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடியிருக்கிறார். பட்டாபிராம் வரை ஓடி, அங்கிருந்து திரும்பி முத்தாபுதுப்பேட்டைக்கும் ஓடி, அங்கே ஒரு சுவரடியில் வாளியில் பசை தீர்ந்துபோயிருக்கிறது. கையில் ஒரே ஒரு போஸ்டர் மிச்சம். ஒட்டுகிறவர் திரும்பிப் பார்த்தால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பையன். “இந்தா, எடுத்துக்கினு ஓடு” என்று கொடுத்துவிட்டார். அந்த ஊர்ச் சுவர்களில் ஒட்டியவையெல்லாம் மழையிலும் மாட்டு வாயிலும் போய்ச் சேர்ந்தன. மாமாவுடையது மட்டும் பசை என்றால் என்னவென்று தெரியாமலே இருபத்தைந்து வருடம் வாழ்ந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அதற்குத் தரிசன நாள். பீரோவின் மேலே ஒரு டியூப்லைட் அட்டைக் குழலில் சுருண்டிருக்கும். மாமா சோப்புப் போட்டுக் கை கழுவுவார். சலவைப் போர்வையை விரித்து, போஸ்டரைப் பரப்பி, நான்கு மூலைக்கும் கோயில் பாட்டுப் புத்தகங்களை வைப்பார். எனக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க மட்டும் அனுமதி.

“நெழலுக்குப் பச்ச பூசிக்கிறான் பாரு. மனுசன் மூஞ்சில எங்கடா பச்ச கீது? ஆனா நாலடி தள்ளி நின்னு பாரு, உசுரு!”

தள்ளி நின்று பார்ப்பேன். உசுரு. கன்னத்தின் இளஞ்சிவப்பும், மெல்லிய மீசையும், ஒற்றைப் புருவம் மட்டும் ஒரு நூல் மேலே தூக்கியிருப்பதும் இன்றைக்கும் கண்ணை மூடினால் வரும். யாரோ ஒருவர் அச்சுக்கல்லில் கையால் வரைந்து, நிறம் நிறமாக அச்சடித்த முகம் அது. இப்போது என் பையன் கணினியில் அரை நிமிடத்தில் நூறு முகம் வரைகிறான். ஒன்றின் புருவமும் இப்படித் தூக்கவில்லை.

இந்தப் பைத்தியத்தால் மாமாவுக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. “மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் சினிமா” என்று ஐந்தாறு பெண் வீட்டார் திரும்பிவிட்டார்கள். அம்மா தினமும் செபமாலையில் பத்து மணிகளைத் தம்பிக்கென்றே ஒதுக்கியிருந்தாள். அப்போதுதான் வேப்பம்பட்டிலிருந்து அந்த இடம் வந்தது. பெண் டீச்சர். பெண்ணின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சம்பளம் கேட்கவில்லை, வீடு வாசல் கேட்கவில்லை. அந்தப் படத்தின் முதல் வெளியீட்டுப் போஸ்டர் மாப்பிள்ளையிடம் இருப்பது உண்மையா என்று தரகரிடம் கேட்டனுப்பினார். உண்மையானால் கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் வந்து பார்க்கிறேன், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். அவரும் நம்மாளு கட்சி.

அன்றிலிருந்து மாமா பாட்டுப் பாடிக்கொண்டே லேத் ஓட்டினார் என்று எஸ்டேட்டில் பேச்சு.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் இயேசு பிறந்த குடில் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. அப்பா பெஞ்சைப் போட்டு மூங்கில் குச்சிகளைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மலை செய்வது என் பொறுப்பு. மலை செய்கிற முறை எளிது. பழுப்புத் தாளை எடுத்து, நெஞ்சோடு சேர்த்துக் கசக்கு கசக்கு என்று கசக்கி, பிரித்து, மைதாப் பசை தடவிக் குச்சிமேல் போர்த்தினால் பாறை. கீழ்ப் பாதிக்குக் கரியும் காவியும் கரைத்துத் தெளிக்க வேண்டும். உச்சிக்கு வெள்ளைத் தாள், அதன்மேல் பஞ்சு. பெத்லகேமில் முழங்கால் அளவு பனி பெய்யும் என்று அம்பத்தூரில் எங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

உச்சிக்குத் தாள் போதவில்லை. சமையல்கட்டிலிருந்த அம்மாவிடம் கத்தினேன். “பீரோ மேல சுருட்டி வெச்சிக்கிறேன் பாரு, எடுத்துக்க” என்று பதில் வந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். அம்மா சொன்ன சுருள் இடப்பக்கம் இருந்தது. அவசரத்தில், யோசிக்காமல், என் கை வலப்பக்கம் போனது. அட்டைக் குழலில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரம் வெள்ளை வெளேரென்றிருந்தது. உருவினேன். மாமா எப்போதும் படம் உள்ளே இருக்கும்படிதான் சுருட்டுவார். நல்ல கனமான தாள், பாறைக்குப் பிரமாதம் என்று மகிழ்ந்து, உருவிய வேகத்திலேயே நெஞ்சோடு சேர்த்துக் கசக்கினேன். சுவரோரம் போட்டுப் பிரித்துப் பசையையும் தடவினேன். தடவிக்கொண்டே போன கை நின்றது. பசைக்கு அடியிலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. அதற்கு மேலே ஒரு புருவம், ஒரு நூல் தூக்கி.

கடவுளைப் பார்த்தவர்கள் நடுங்கினார்கள் என்று கோயிலின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் அதற்கும் மேலே போய், நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனேன்.

அப்புறம் என் மூளை வேலை செய்தது. இப்போது நினைத்தாலும் அந்த மூளையைக் கையில் எடுத்து நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது. பசையைத் துடைத்து அம்மாவிடம் ஓடுவதற்குப் பதிலாக, படத்தை உள்பக்கமும் வெள்ளையை வெளிப்பக்கமுமாக வைத்து, மலை உச்சியில் அப்படியே ஒட்டிவிட்டேன். மேலே அள்ளி அள்ளிப் பஞ்சு வைத்தேன். தடயம் ஒழிந்தது. அட்டைக் குழலில் பழைய தினசரிக் காலண்டரையும் எடைக்கு இரண்டு மெழுகுவர்த்திகளையும் திணித்துப் பீரோமேல் வைத்தேன். பிறகு தரையைத் துடைத்தேன். அது வேறு காரணத்துக்காக.

காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். ஊரே அவரிடம் அதைத்தான் கேட்கும். நான் மட்டும் அந்த நான்கு நாளும், “அந்தோணியாரே, தயவுசெய்து இதை மட்டும் கண்டுபிடித்துத் தந்துவிடாதீர்” என்று வேண்டிக்கொண்டு ஒரு மெழுகுவர்த்தியும் நேர்ந்துகொண்டேன். அவருடைய வாழ்க்கையிலேயே இப்படி ஒரு மனு வந்திருக்காது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா குடிலுக்கு முன்னால் வந்து குந்தினார். உள்ளே சிவப்பு ஜீரோ வாட் பல்பு மினுங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் மலையையே பார்த்தார்.

“மல யாருடா செஞ்சது?”

“நான்தான் மாமா.”

“பச மைதாவா?”

“ஆமா மாமா. நல்லா புடிச்சிக்கிச்சு.”

“ம். புடிச்சிக்கும்.” எழுந்து என் தலையில் கை வைத்தார். “சோக்கா கீது, நைனா.”

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. “பொண்ணு ஊட்டுக்காரரு வராருன்னு துரைக்குப் பசி இல்ல” என்று அம்மா கிண்டல் செய்தாள். எல்லோரும் சிரித்தோம். தப்பித்தேன் என்று நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் வீட்டில் ஒரே கூச்சல். குளியலறையில் பல்பைக் காணோம். “நல்ல நாளும் அதுவுமா எவன்டா கழட்டினான்?” என்று அம்மா கத்த, எல்லோரும் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு குளித்துக் காலைப் பூசைக்கு ஓடினோம். மாமா அந்த மங்கலில் சவரம் செய்து, மேலுதட்டில் வெட்டிக்கொண்டு, அதன்மேல் துளிக் காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தார். நம்மாளு மாதிரி மெல்லிதாக வைத்திருந்த மீசையில் ஒரு பக்கம் பாதியைக் காணோம். மாப்பிள்ளை பார்க்கும் நாளில் அரை மீசை! வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

சாயங்காலம் வேப்பம்பட்டுக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பழப்பை. கேக் தின்றார், அதிரசம் தின்றார், மாமாவின் அரை மீசையைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். கடைசியில் கைகளை நன்றாகத் துடைத்துக்கொண்டு, “தம்பி, காட்டுறீங்களா?” என்றார்.

நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். எப்போது போனேன் என்று தெரியாது. அங்கிருந்து கால்கள் மட்டுமே தெரிந்தன. மாமாவின் கால்கள் பீரோவை நோக்கிப் போகும், அட்டைக் குழல் திறக்கும், ஆடி மாதக் காலண்டர் தாள் விழும், மெழுகுவர்த்தி உருளும், கல்யாணம் நின்றுபோகும். என்னை முத்தாபுதுப்பேட்டையில் ஏதாவது மில்லுக்கு விற்றுவிடுவார்கள்.

மாமாவின் கால்கள் பீரோ பக்கம் போகவில்லை. குடில் பக்கம் போயின.

“சார், மொதல்ல குடிலப் பாருங்க. எங்க அக்கா பையன் செஞ்சது.”

அறை விளக்கை அணைத்தார். குடில் சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. சிவப்பாக மினுங்க வேண்டிய இடத்தில் பளீரென்று வெள்ளை வெளிச்சம் அடித்தது. அம்மா, “யேசுவே!” என்றாள். நான் தலையை வெளியே நீட்டினேன்.

மலை உச்சி முழுக்க நம்மாளு நின்றார். பஞ்சு எப்படியோ விலகியிருந்தது. கசங்கிய தாளின் ஒவ்வொரு மடிப்பும் பாறை வெடிப்பாக, அதற்குள்ளிருந்து கன்னத்தின் இளஞ்சிவப்பும் நிழலின் பச்சையும் கிரீடமும் ஊறி வெளியே வந்துகொண்டிருந்தன. கீழே குழந்தை இயேசு, ஒட்டகங்களோடு மூன்று ராஜாக்கள். மேலே ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு அவர். கொட்டகையில்கூட நான் அவரை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

வேப்பம்பட்டுக்காரர் எழுந்தார். கிட்டே போனார், நாலடி தள்ளி வந்தார். மறுபடி கிட்டே போனார்.

“தூக்கின புருவம் பக்கம் மாறிக் கீதே,” என்றார் மெல்ல. “அப்போ பின்பக்கத்துலேர்ந்து பாக்கறோம். அதேதான்... ஒரிஜினல்!” திரும்பி மாமாவின் தோளைப் பிடித்தார். “ஏன் தம்பி, பெத்லகேமுக்கு மூணு ராஜா வந்தாங்கன்னுதான் இத்தினி வருசமா கேள்விப்பட்டிருக்கேன். ஒங்க ஊட்டுக்கு நாலாவது ராஜாவும் வந்துட்டாரே!”

அவர் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்த ஓர் ஆடு கவிழ்ந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டே சிரித்தாள். “எல்லாம் பையன் ஐடியா சார்” என்று மாமா என்னைக் கட்டிலடியிலிருந்து இழுத்து முன்னால் நிறுத்தினார். பெரியவர் என் கன்னத்தைக் கிள்ளினார். நானும் வெட்கமே இல்லாமல், ஆமாம், ஐடியாதான் என்று நின்றேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

இது அந்தோணியார் செய்த அற்புதப் புதுமை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. காணாமல் போனதை மறைக்கவும் செய்து, காட்டவும் செய்தார் அல்லவா? நேர்ந்துகொண்டபடி மெழுகுவர்த்தி ஏற்றினேன். அட்டைக் குழலில் இருந்தவற்றில் ஒன்றைத்தான் உருவிக்கொண்டு போனேன். குடிலைப் பிரிக்கும் நாளில் மாமா எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, ஈரத் துணியோடு ஒரு முழு மதியம் மலைக்குள் உட்கார்ந்திருந்தார். அதையும் நான் யோசிக்கவில்லை. வெளியே கோலி ஆடிக்கொண்டிருந்தேன்.

இன்று அந்தப் போஸ்டர் மேனாம்பேட்டில் மாமாவின் பிளாட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. முகமெல்லாம் வெடிப்பு, காதோரம் கொஞ்சம் காணவில்லை. புருவம் மட்டும் அப்படியே. வருகிறவர்களுக்கெல்லாம் மாமா கதை சொல்லுவார். மலை, மூன்று ராஜா, மாமனார் சிரித்த சிரிப்பு எல்லாம் வரும். குளியலறை பல்பு மட்டும் வராது.

போன மாதம் என் வீட்டுக் குளியலறையில் பல்பு போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் சவரம் செய்தபோது மேலுதட்டில் வெட்டிக்கொண்டேன். ரத்தத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டேன். குடிலுக்குள் எரிந்த அந்த வெள்ளை பல்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் அரை மீசையோடு முன்னால் நடந்துபோனவரைப் பார்த்து, கோயில் வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேனே, அது ஞாபகம் வந்தது.