நானும் ஒரு தலையாட்டி

டாவோஸ் என்ற பனிமலை ஊரில் நான் கோப்பை கழுவிய ஹோட்டலில், வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்கும் போர்ட்டியர் ஒருவர் இருந்தார். பணக்கார விருந்தாளிகளின் நகைப்பெட்டிகளை ரயில் நிலையத்திலிருந்து கொண்டுவருவதும் அவர் வேலை. அதற்காகக் கோட்டுக்குள் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு திரியப் பொலிஸ் அவருக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்திருந்தது.

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன் நான். இங்கே பக்கத்தில் நின்று பாண் தின்கிற மனுசனின் கக்கத்திலும் ஒன்று! முதல் வாரம் அவரோடு கதைக்கவே இல்லை. பிறகு ஒருநாள், பனியில் நான் செருப்போடு நிற்பதைக் கண்டு, தன் பழைய சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தார். இரண்டு அளவு பெரிது. உள்ளே பேப்பரை அடைத்துப் போட்டுக்கொண்டேன்.

அவருடைய மனைவி அதே ஹோட்டலில் துணி தோய்க்கும் பகுதியில் இருந்தார். ஒரு மத்தியானம் பின்கதவடியில் இருவருக்கும் சண்டை. போர்ட்டியர் கத்திய கத்தலில் என் கையிலிருந்த சட்டி விழுந்துவிட்டது. அடுத்த நாள் மனைவி நீதிபதியிடம் போய்ப் பயமாயிருக்கிறது என்றார். அவருக்குக் கிட்டப் போகக்கூடாதென்று கணவனுக்குக் கட்டளை வந்தது. துப்பாக்கியையும் பத்திரத்தையும் பொலிஸ் வாங்கிக்கொண்டது. அது சரிதான். பயந்துபோன மனுசிக்கு முதலில் அதுதான் தேவை.

பிழை விட்டவன் நான்தான். விசாரிக்க வந்த பொலிஸ்காரர், "துப்பாக்கியை எடுத்து மிரட்டினாரா?" என்று ஜெர்மனில் கேட்டார். கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியும் தலையை ஆட்டினேன். சீருடை எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லித் தப்புவது ஊரில் ஆமி செக்பொயின்ற்றுகளில் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. கையெழுத்தும் வைத்தேன். நாசமாய்ப் போன கை!

போர்ட்டியரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சிறையில் மறியல் இருக்கவும் வேண்டிவருமென்று குசினியில் சமைப்பவர்கள் கதைத்தார்கள். அவருடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்று அதைக் கேட்டேன்.

ஊரில் என் அண்ணனை ஆமி கொண்டுபோனதும் இப்படித்தான். வரிசையில் நிறுத்தினார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் முன்னால் இருந்து, அண்ணனைக் கண்டதும் தலையை ஆட்டினான். அப்படி ஆளைக் காட்டிக்கொடுப்பவனைத் தலையாட்டி என்போம். அண்ணன் திரும்பி வரவில்லை. அந்தத் தலையாட்டியை நான் திட்டாத நாள் இல்லை. இப்போது நானே ஒரு தலையாட்டி. போய் உண்மையைச் சொல்லவும் பயம். பொலிசுக்குப் பொய் சொன்னவன் என்று என் அகதி வழக்கைத் தூக்கி எறிந்துவிட்டால்?

நல்ல காலம், நீதிமன்றத்தார் என்னை விடவில்லை. இரு பக்கத்தையும் கேட்காமல் முடிவெடுப்பதில்லையாம். நீதிபதியிடமிருந்து கடிதம் வந்தது. எனக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"தம்பி, கண்ணால கண்டதை மட்டும் சொல்லட்டாம்" என்றார் அவர்.

"கத்தினது கேட்டது. துவக்கை நான் காணேல்லை."

"அப்ப முந்தி ஏன் ஓம் எண்டு சொன்னனீர் எண்டு கேக்கிறார்."

"பொலிஸ் உடுப்பைக் கண்டு பயந்திட்டன். எங்கட ஊரில அவைக்கு இல்லை எண்டு சொல்லேலாது."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். போர்ட்டியரின் மனைவியிடமும் கேட்டார். துப்பாக்கியை எடுத்தாரென்று தானும் சொல்லவில்லை, கத்தியதற்குத்தான் பயந்தேன் என்றார் அந்த அம்மா. மிரட்டிய குற்றச்சாட்டு தள்ளுபடியானது. கிட்டப் போகக்கூடாதென்ற கட்டளை மட்டும் அப்படியே இருந்தது. அது முடியும்வரை துப்பாக்கியும் பத்திரமும் பொலிசிடமே. பிறகு அவர் திரும்ப விண்ணப்பிக்கலாம். ஹோட்டல் அவரை மீண்டும் வேலைக்கு எடுத்தது.

"பிழையைத் திருத்தினதுக்கு உமக்கு நன்றியாம். உம்மட வழக்குக்கு இதால ஒண்டும் வராதாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

வெளியே போர்ட்டியர் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என் காலைப் பார்த்தார், சப்பாத்து இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லாம் நல்லபடி முடிஞ்சுதே, தம்பி. ஏன் அழுறீர்?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"என்ர அண்ணையைக் காட்டிக் குடுத்தவனிட்ட ஆரும் ரெண்டாந்தரம் கேக்கேல்லை" என்றேன்.